கரண்ட் வெச்ச இடத்தில் கன்றிய தடமா? அசட்டை வேண்டாம்!

பருத்திக் காட்டில் மாறு கிழிக்கும். வீட்டில் பீரோ மூலை இடிக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று நம்ம கரிசல் பக்கத்துப் பெண்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'எங்கேயோ இடிச்சிருப்பேன், தானாப் போயிரும்' என்பார்கள். பெரும்பாலும் போயும்விடும்.

ஆனால், மார்பகப் புற்றுநோய்க்காக மதுரைக்கோ நெல்லைக்கோ போய் 'கரண்ட்' வைத்துக்கொண்டவரா நீங்கள்? அந்த மார்பில் வரும் கன்றிய தடத்தை மட்டும் அப்படி விட்டுடாதீங்க!

கரண்ட் என்று நாம் சொல்வது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு. மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களை அது அழிக்கிறது. மிக அபூர்வமாக, கதிர் பட்ட தோலின் ரத்தக்குழாய் செல்கள் சேதமாகி, பல வருஷம் கழித்துப் புதிய புற்றாக மாறலாம். இதன் பெயர் ஆஞ்சியோசர்கோமா. பழைய நோய் திரும்புவதல்ல, இது வேறு.

'ஐயையோ, அப்போ கரண்டே வேண்டாம்'னு முடிவு கட்டாதீங்க. இது வருவது ஆயிரத்தில் சுமார் ஒருவருக்கு. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதும் இதே கதிர்வீச்சுதான்!

எப்படித் தெரியும்?

பெரும்பாலும் சிகிச்சை முடிந்து 5 முதல் 10 வருஷத்தில் ஊதா அல்லது சிவப்பு நிறத்தில் திட்டு, சின்ன முடிச்சு தோன்றும். வலி இல்லாமலும் இருக்கலாம். சாதாரணக் கன்றல் என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் நிறம் மாறி மறையும். இது மறையாது, பரவும். மேமோகிராமில் தெரியாமலும் போகலாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் உறுதி சொல்லும்.

மார்பை எடுத்தபின் வருஷக்கணக்கில் கை வீங்கியிருப்பவர்களும் கையைக் கவனிக்க வேண்டும். அப்படி வீங்கிய கையில் இதே வகைப் புற்று வந்த ஆறு பேரைப் பற்றி 1948-லேயே அமெரிக்க டாக்டர்கள் ஸ்டூவர்ட், டிரீவ்ஸ் எழுதினார்கள்.

சீக்கிரம் பார்த்தால் ஆபரேஷனில் முழுசாக அகற்ற வாய்ப்பு அதிகம். தாமதித்தால் நுரையீரல் வரை போகலாம்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், 'இந்த இடத்துல முன்னாடி கரண்ட் வெச்சிருக்கு' என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், களிம்போடு அனுப்பிவிடக்கூடும். பழைய ஃபைலையும் பரணில் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ இந்த சிகிச்சை எடுத்தவரா? வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்!