உம்மாவின் வளவு: கல்முனைக்குடியில் வீடு யாருடையது?

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் கல்முனைக்குடியில் "இது யார் வீடு?" என்று கேட்டால் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் வீடு மகளுக்கு உரியது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அயலூர்த் தமிழர்களிடமும் இதே வழக்கம் உண்டு. 'குடி'யும் தாய்வழியாகவே வரும்.

மூத்த மகள் கலியாணம் முடித்ததும் பெற்றோர் அந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ பக்கத்திலோ அடுத்தவளுக்கு ஒரு வீடு கட்டுவார்கள். அதனால் உம்மா, பெரியும்மா, சாச்சி எல்லோரும் அருகருகே இருந்தார்கள். கிடுகு வேலியில் ஒரு கடப்பு இருக்கும். கறிக்கோப்பையும் கைக்குழந்தையும் அதனூடாகவே போய்வரும். வாப்பாமார் கடலிலோ வயல் வாடியிலோ தங்கிவிட்டாலும் பெண்களுக்குத் துணை இருந்தது. 1990இற்குப் பிறகு வந்த பயம் நிறைந்த இரவுகளில் மூன்று வீட்டாரும் ஒரே வீட்டில் படுத்தோம்.

இந்த வழக்கத்தில் சுமையும் இருந்தது. பெண்பிள்ளைகளைப் பெற்ற வாப்பா வீடு கட்டியே களைத்துப்போவார். தங்கச்சியின் வீட்டுக்காக மத்திய கிழக்குக்குப் போன நானாமார் ஏராளம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலோர வளவுகளை வேலியோடு வாரிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இங்குதான். அதன்பின் வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அதற்குள் பல குடும்பங்கள் வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்துபோயின.

அப்போது இன்னொரு இழப்பும் சத்தமில்லாமல் நடந்தது. நிவாரணப் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலும் அதில் ஆணின் பெயரே எழுதப்பட்டது. உம்மாவின் சீதன வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் வாப்பாவின் பெயருக்குப் போனது. கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ பெண் தன் வீட்டிலேயே இருப்பாள் என்ற பழைய உறுதிப்பாடு அத்தோடு ஆட்டம் கண்டது.

பழைய வளவுகள் இனித் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் காணி உறுதிக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள், கையொப்பமிடும் முன் அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ எழுத முடியுமா என்று கேட்கவும் வேண்டும். நம் ஊரில் அது புதிய கோரிக்கை அல்ல.