கண்ணுக்குத் தப்பிய சிவப்பு

துருவ ஒளிப் படங்களில் தெரியும் நிறமெல்லாம் வெறும் கேமரா ஜாலம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல, நேயர்களே. 2024 மே 10 நள்ளிரவையொட்டி, கடும் சூரியப் புயலின்போது, லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் வடக்கு அடிவானம் செக்கச் சிவந்து பதிவானது. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரித்தறியாது. கேமராவோ பல வினாடிகள் திறந்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். தேய்பிறை நிலவில் முசிறிக் காவிரிக்கரை வாழைத்தோப்பு சாம்பலாகத்தான் தெரியும். அதற்காக இலையின் பச்சை பொய்யாகிவிடுமா? செல்போன் நிறத்தைக் கூட்டிக்காட்டுமே என்றால், அதுவும் உண்டுதான். ஆனால் அடிப்படைச் சிவப்பு, 200 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது. அதன் அலைநீளம் 630 நானோமீட்டர் என்று கருவிகள் அளந்து சொல்லியிருக்கின்றன. கேமரா அந்த நிறத்தை உண்டாக்கவில்லை. நம் கண்ணுக்கு எட்டாததை எட்டிப் பிடித்துத் தருகிறது.