கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி

மலேசியாவின் புக்கிட் பெலிம்பிங்கில் காலையில் காரை எடுத்தால் மதியத்துக்குள் கெந்திங் மலைக்குப் போய்விடலாம். ஆனால் விழித்திரை அறுவை முடிந்து, கண்ணுக்குள் வாயுவோடு வீடு திரும்பியவர் அந்த மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

விழித்திரை கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். வயதாலோ கிட்டப்பார்வையாலோ அடிபட்டதாலோ அதில் கிழிசல் விழுந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்னால் புகும். ஈரம் ஏறிய சுவர்க்காகிதம்போல் படலம் உரிந்து வரும். இனிப்பு நீர் எனும் நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறு வழி: புதிதாக முளைக்கும் ரத்த நாளங்கள் கசிந்து, தழும்பு கட்டி, படலத்தை இழுத்துவிடும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது.

கிழிசலை அடைத்தால் படலம் ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜூல்ஸ் கோனின். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் மாக்கெமர், கண்ணை நிரப்பியிருக்கும் பசையை வெட்டி உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்தார். சென்னையில் 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய பத்ரிநாத்தும் விழித்திரை வல்லுநர்தான்.

இன்று துளைகள் அரை மில்லிமீட்டர் அளவே. பசையை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் சுட்டு, வாயுவை நிரப்புகிறார்கள். தழும்பு இறுகும்வரை படலத்தை அழுத்திப் பிடிப்பது அந்தக் குமிழி. குமிழி மேலே மிதக்கும். ஆகவே கிழிசல் மேல்பக்கம் வரும்படி தலையை வைக்க வேண்டும். சிலருக்குக் குப்புறப் படுக்கை, சிலருக்கு ஒருக்களிப்பு. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். பார்க்க வரும் உறவினர் தரையில் உட்கார்ந்து பேசட்டும். அவருக்காக நோயாளி நிமிர வேண்டியதில்லை.

குமிழி சுருங்கும்போது, பார்வையில் ஒரு கோடு ஆடிக்கொண்டே கீழிறங்கும். பயப்பட வேண்டாம், கண்ணில் பிம்பம் தலைகீழாக விழுவதால் மேலே இருக்கும் குமிழி கீழே தெரிகிறது. வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குமிழி விரிய முயலும், கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். விமானமும் அப்படியே, சென்னைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கண் வலியோடு வாந்தி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அறுவைக்குப் பின் தரும் சொட்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மயக்க மருந்தாகத் தரும் நைட்ரஸ் ஆக்சைடும் குமிழியை ஊதிவிடும். அதை எச்சரிக்கவே மருத்துவமனையில் கைப்பட்டை கட்டி அனுப்புகிறார்கள். வாயு முழுதும் கரைந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை அதைக் கழற்றாதீர்கள்.