புழுவுக்கு இலை, பூச்சிக்குப் பூ

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஈரவலயமும் உலர்வலயமும் ஒன்றோடொன்று கலக்கும் இடைவலயத்தில் அமைந்த கலேவெலப் பிரதேசத்துப் பாடசாலைகளுக்கு, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்றை உண்டாக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஆனால் அத்தகைய தோட்டம் என்றதும் நிறம் நிறமான பூக்களே நம் மனத்தில் முதலில் தோன்றுவதால், அதன் ஆதாரமான இலையை நாம் மறந்துவிடுகிறோம். பூ தேனை மட்டுமே அளிக்கும். தாய்ப்பூச்சியோ, தன் புழு உண்ணத்தக்க இலையை நாடிச் சென்று முட்டையிடும் சுபாவமுடையது. அவ்விலை இல்லாத தோட்டம் பூச்சிகளுக்குச் சத்திரமாகுமே அன்றி வீடாகாது.

1826 இல் அரச தாவரவியல் தோட்டத்தின் வழியாக இந்நாட்டுக்கு வந்து காடெங்கும் பரவிய உண்ணிச்செடி இதற்குச் சிறந்த உதாரணம். அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. அதன் இலையிலோ அவற்றின் புழுக்கள் வளர்வதில்லை.

சுதேசச் செடிகளின் விசேஷம் இங்கேதான் விளங்கும். இலங்கையில் காணப்படும் 240க்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்களுள் பல, நம் வேலியோரத்துச் செடிகளையே நம்பி வாழ்கின்றன. எருக்கலை ஒரு இனத்தையும், கொன்றை வேறு சிலவற்றையும் போஷிக்கின்றன. ஈசுவரமூலிக் கொடியை நட்டால் செந்நிற உடலுடைய ரோசா வண்ணத்துப்பூச்சிகள் வரக்கூடும். நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கும் அதுவே ஆகாரம். அக்கொடியின் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால், ரோசா இனங்களை ஒருமுறை உண்ட பறவை மறுமுறை தீண்டாது.

அருகில் ஒரு கறிவேப்பிலையும் நின்றால், இயற்கையின் தந்திரம் ஒன்றையே மாணவர் கண்கூடாகக் காணலாம். கறிவேப்பிலையில் வளரும் கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பெண்களுள் சில, தம்மிடம் நஞ்சு சிறிதும் இல்லாதிருந்தும், ரோசாவின் வேஷத்தைத் தரித்துப் பறவைகளை ஏமாற்றுகின்றன. வாலஸ் என்னும் பேரறிஞர் 1865 இல் ஆராய்ந்தெழுதிய இவ்விந்தையைக் காண, நுணுக்குக்காட்டியும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம்.

புழுவைக் கண்டு அஞ்சும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சருமத்தை அரிக்கச் செய்யும் மயிர்க்கொட்டிகள் பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் குஞ்சுகளே. உண்மையான அபாயம் பூச்சிநாசினியிலிருந்துதான் வருகிறது. மரக்கறிச் செய்கை மிகுந்த இப்பகுதியில், வயலின் விசிறல் காற்றோடு வந்து படியாத மூலையையே தோட்டத்துக்குத் தெரிவு செய்தல் வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் 2015 இல் தமிழ்நாட்டு வனத்துறை திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பல ஏக்கர் விஸ்தீரணம் உடையது. பாடசாலைக்கோ மதிலோரத்து வெயில்படும் ஒரு துண்டு நிலமும், ஆண்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்சும் ஈரமண்ணும் போதும். ஆகவே, பெரும்போகத்தின் முதல் மழை விழுந்ததும் இச்செடிகளை நட்டு, புழு தின்ற கிளையை வெட்டாமல் விட்டுவைக்குமாறு அதிபர்களையும் உபாத்தியாயர்களையும் வேண்டுகிறோம்.