தேடுறதை நிறுத்தாதீங்க!

ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புறீங்க. போய்ச் சேரலை. கேன்டீன்ல உட்கார்ந்திருக்கிற ஃபிரெண்டுக்கு அனுப்பினதுன்னா, 'சிக்னல் இல்லை போல'ன்னு விட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீங்க. நடுக்கடல்ல இருந்து ஒரு சாட்டிலைட் போன் மூலமா அனுப்பின எஸ்.எம்.எஸ். அப்படி நின்னுபோனா?

2013 ஜூன் 4-ம் தேதி அப்படித்தான் நடந்தது. 'நீனா' என்ற பாய்மரப் படகில் இருந்து கிளம்பிய செய்தி அது. நேற்று இரவுப் புயலில் பாய்கள் கிழிந்துவிட்டன, இப்போது பாயே இல்லாமல் மெதுவாக நகர்கிறோம், சாயங்காலம் மறுபடி தகவல் சொல்கிறோம் என்பதுதான் சாரம். செய்தி டெலிவர் ஆகவில்லை. சாயங்காலத் தகவலும் வரவில்லை. அப்படி ஒரு எஸ்.எம்.எஸ். இருப்பதே ஒரு மாசம் கழித்து, ஜூலை முதல் வாரத்தில்தான் வெளியே தெரிந்தது. ஆக, அந்தப் புயல் ராத்திரியை அவங்க தாண்டிட்டாங்க! குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அதே வாரத்தில்தான் நியூசிலாந்து மீட்புக் குழு தேடலை நிறுத்துவதாக அறிவித்தது.

நீனா லேசுப்பட்ட படகு இல்லை. 1928-ல் கட்டினது. அந்த வருஷமே அட்லான்டிக் கடலைத் தாண்டும் பந்தயத்தில் ஜெயித்தது. 85 வயசு ஆன அந்தப் படகில், 2013 மே 29 அன்று நியூசிலாந்தின் ஓபுவா துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூகாசிலுக்குக் கிளம்பினார்கள் ஏழு பேர். ஆறு பேர் அமெரிக்கர்கள், ஒருவர் பிரிட்டிஷ்காரர். எழுபதைத் தாண்டிய பாட்டியும் உண்டு. டீன் ஏஜில் இரண்டு பேர். உங்க செட்டுதான்.

புயலில் காற்று மணிக்கு 110 கிலோமீட்டர். எட்டு மீட்டர் உயரத்துக்கு அலை, அதாவது கிட்டத்தட்ட உங்க ஹாஸ்டலின் இரண்டாவது மாடி வரைக்கும். படகில் அவசர சிக்னல் கொடுக்கும் கருவி இருந்தது. ஆனால் அது தண்ணீர் பட்டதும் தானாகக் கத்தும் ரகம் இல்லை. யாராவது கையால் அழுத்த வேண்டும். யாரும் அழுத்தவில்லை. அழுத்த நேரமில்லையா, அழுத்தும் அளவுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தார்களா? இந்த ஒரு கேள்வியை வைத்தே இரண்டு கதைகள் கிளம்பின. 'ஒரே அலையில் எல்லாம் முடிந்திருக்கும்' என்பது ஒன்று. 'படகு மிதக்குது, கரன்ட்தான் இல்லை' என்பது இன்னொன்று. குடும்பங்கள் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயம். தேடலை நிறுத்துறவங்க கல்நெஞ்சக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. தண்ணீர் எவ்வளவு குளிர், மிதவை இருந்ததா, குடிநீர் எத்தனை நாளைக்கு வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, 'இதுக்கு மேல ஒரு மனுஷன் தாங்க மாட்டான்' என்று ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியும் கொஞ்ச நாள் தேடுவார்கள். நியூசிலாந்து விமானப்படையின் ஓரியன் விமானங்கள் பெரிய பரப்பை அலசத்தான் செய்தன. ஒரு லைஃப் ஜாக்கெட்கூடக் கிடைக்கவில்லை.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான் நாம பேசவந்த கதை.

அமெரிக்காவில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் பணம் திரட்ட ஆரம்பித்தன. காணாமல் போனவர்களைத் தேடித் தரும் 'டெக்சாஸ் எக்யூசர்ச்' என்ற தன்னார்வ அமைப்பின் துணையோடு சின்ன விமானங்களை வாடகைக்குப் பிடித்தார்கள். கடலுக்கு மேலே விமானம் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெட்ரோல், பைலட், வாடகை... மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு பெற்றோரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. இன்னும் ஒரு நாள் தேட இவ்வளவு ஆகும்னு ஒருத்தர் பில் நீட்டுறார். அந்த ஒரு நாளில்தான் கிடைப்பாங்களோ என்னவோ! எந்த அப்பாவால், எந்த அம்மாவால் 'வேணாம்'னு சொல்ல முடியும்?

கணக்கு வேற இரக்கமே இல்லாம பெரிசாகும். பாய் இல்லாத படகு, நீரோட்டத்தில் மணிக்கு ஒரே ஒரு கடல் மைல் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம நடக்கிறதைவிட மெது. ஒரு நாளைக்கு 24 கடல் மைல். ஒரு மாசத்தில் 720. கிலோமீட்டரில் சொன்னால் 1,300-க்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம் மாதிரி. அதுவும் எந்தத் திசையில் என்று தெரியாது. ஆக, பணம் சேர்க்க ஒரு வாரம் ஆனால், அந்த வாரத்தில் தேட வேண்டிய கடலே பல மடங்கு விரிந்திருக்கும். துரத்துறவன் நிற்க நிற்க மைதானம் பெரிசாகிற விளையாட்டு.

பணத்தால் முடியாத இடத்தில் வந்து நின்றது இன்டர்நெட். 'டாம்நாட்' என்ற தளத்தில் சாட்டிலைட் படங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிப் போட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள், ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டுக் கட்டம் கட்டமாகப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் மலேசிய விமானம் எம்.எச். 370 காணாமல் போனபோது லட்சக்கணக்கானவர்கள் மொய்த்ததும் இதே தளத்தில்தான். நீலமா ஒரு கட்டம், அடுத்ததும் நீலம், அதுக்கடுத்ததும் நீலம். திடீர்னு ஒரு வெள்ளைப் புள்ளி! அலையின் நுரையா, மேகத்துண்டா, படகா?

2013 செப்டம்பர் 16-ம் தேதி எடுத்த ஒரு படத்தில் அப்படி ஒரு புள்ளி சிக்கியது. நார்ஃபோக் தீவுக்கு மேற்கே. நீளம் பார்த்தால் நீனா மாதிரியே இருக்கிறது என்றார்கள் குடும்பத்தினர். தேடலை மீண்டும் தொடங்க அந்தப் படம் போதாது என்றது நியூசிலாந்து தரப்பு. குடும்பங்கள் விடவில்லை. மனு, பேட்டி, மறுபடியும் நிதி, மறுபடியும் விமானம். நீனா கிடைக்கவே இல்லை.

'கிடைக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சும் எதுக்கு இவ்வளவு செலவு?'ன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் முதலில் தோணிச்சு. ஆனால் கடலில் போனவர்களின் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. உடல் இல்லை. எப்போ அழறது, எப்போ படத்துக்கு மாலை போடறதுன்னு தேதி குறிக்க ஆளில்லை. 'நாங்க தேடினோம், எங்களால் முடிஞ்ச வரைக்கும் தேடினோம்' என்ற ஒரு வரியையாவது சம்பாதிக்கத்தான் அந்தப் பணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பணம் நிஜமாகவே கண்டுபிடித்துக் கொடுத்த கதையும் இருக்கு. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு எமிலியானோ சாலா ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரி 21 அன்று பிரான்சின் நான்ட்டிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்கு, புது கிளப்பில் சேரக் கிளம்பிய அவரது சின்ன விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. மூன்றே நாளில் அரசுத் தேடல் நின்றது. உடனே இன்டர்நெட்டில் உண்டியல் வைத்தார்கள். எம்பாப்பே, குண்டோகன் எல்லாம் போட, சில நாட்களில் மூன்று லட்சம் யூரோவைத் தாண்டியது. கப்பல் விபத்துகளைத் தேடுவதில் கில்லாடியான டேவிட் மெர்ன்ஸ் களத்தில் இறங்கினார். பிப்ரவரி 3 அன்று, கடலில் தேட ஆரம்பித்த சில மணி நேரத்தில் விமானம் கிடைத்துவிட்டது! சாலாவின் உடலும் கிடைத்தது. கூட இருந்த விமானியின் உடல் கிடைக்கவில்லை. அவரைத் தேட அவரது குடும்பம் தனியாக இன்னொரு உண்டியல் வைக்க வேண்டியிருந்தது. ஒரே விமானம், இரண்டு உண்டியல். எனக்கு இது உறுத்துது.

இதே மாதிரி உண்டியல் லிங்க் நாளைக்கு உங்க மொபைலுக்கும் வரலாம். ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, பணம் யார் கணக்குக்குப் போகுது, குடும்பத்துக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா, தேடல் நின்னுட்டா மிச்சப் பணம் என்ன ஆகும்னு மட்டும் கேட்டுடுங்க. பாதி ஊர் ஃபார்வர்ட் பண்ணின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

எம்பாப்பே இல்லாத ஊர்ல என்ன பண்ணுவாங்க? அதைத் தெரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம் இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரைக்கும் வரிசையாக எட்டு மீனவ கிராமங்கள். நாட்டிலேயே பேர்போன ஆழ்கடல் மீனவர்கள் இவர்கள். ஒரு முறை கிளம்பினால் வாரக்கணக்கில் கடலில் தங்கித்தான் தொழில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழத்தில் இருந்தன. புயல் எச்சரிக்கை கரைக்கு வந்ததே தாமதம். படகில் இருந்த வயர்லெஸ்ஸோ சில பத்து மைல்களோடு சரி.

கரையில் காத்திருந்தவர்கள் உண்டியல் வைக்கவில்லை. படகை எடுத்தார்கள். தமிழக-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இதுதான் நடந்தது. விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்கள் புயல் ஓய்ந்தும் ஓயாமலும் தங்கள் படகுகளிலேயே தேடப் போய், உயிரோடு இருந்தவர்களையும் உடல்களையும் கொண்டு வந்தார்கள். 'எங்க ஆளுங்க எந்தப் பக்கம் தொழில் செய்வாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும், கப்பல்ல எங்களையும் ஏத்திக்கோங்க' என்று கேட்டார்கள். அப்புறம்தான் கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களில் மீனவர்களும் ஏறினார்கள். தேடலைத் தீவிரப்படுத்தச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது தமிழ்நாடே டி.வி.யில் பார்த்ததுதான். சில படகுகள் லட்சத்தீவிலும் குஜராத், மகாராஷ்டிரா கரைகளிலும் போய் ஒதுங்கின. தூரத்துக் கரைகளில் கிடைத்த உடல்களுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்து அடையாளம் பார்த்தார்கள்.

திரும்பாதவர்களின் வீட்டில் அடுத்த பிரச்னை, காகிதம். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒக்கிக்காக அந்த விதியைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் கொடுத்தது தமிழக அரசு. பணத்தை வாங்குறதுன்னா 'இனி வரமாட்டார்'னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். யோசிச்சுப் பாருங்க.

2019-ல் மீனவர்களுக்காக 'ஜெமினி' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். கரையிலிருந்து 300 கடல் மைல் தள்ளி இருந்தாலும் நம்ம ஊர் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை படகுக்கு வந்துவிடும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கடலில் இருப்பவர் படிக்கலாம், பதில் அனுப்ப முடியாது. அதன் பிறகு விசைப்படகுகளில் பொருத்தத் தொடங்கிய டிரான்ஸ்பாண்டரில்தான், ஆழ்கடலில் இருப்பவர் 'நாங்க நல்லா இருக்கோம்'னு டைப் பண்ணிக் கரைக்கு அனுப்ப வழி கிடைத்தது.