ஐ.டி.ஐ.க்குப் புதிய இயந்திரம் வரும், ஆசிரியர்?

புது தில்லி: பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே மெக்கானிக் ஆனவர்கள் நம் ஊர்களில் ஏராளம். பெட்ரோல் என்ஜினில் நேரும் தவறைப் பெரும்பாலும் திருத்திக் கொள்ளலாம். ஆனால், பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் மின்சாரக் காரில் ஒரு தவறு உயிரையே பறிக்கக் கூடும். பார்த்துப் பழகும் கல்வி இனிப் போதாது.

இந்த மாற்றத்துக்கு ஐ.டி.ஐ.க்களைத் தயார்படுத்த மாநிலங்கள் முனைந்துள்ளன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, தமிழகம் 71 ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தியது. தெலங்கானாவில் 65 ஐ.டி.ஐ.க்களுக்கான ரூ.2,324 கோடி திட்டத்துக்கு, ஹைதராபாத் மல்லேபள்ளியில் 2024 ஜூனில் முதல்வர் ரேவந்த் ரெட்டி அடிக்கல் நாட்டினார்.

மத்திய அமைச்சரவையும் 2025 மே மாதத்தில், 1,000 ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த ரூ.60,000 கோடி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ.30,000 கோடி, மாநிலங்களுடையது ரூ.20,000 கோடி, தொழில்துறையுடையது ரூ.10,000 கோடி. ஹைதராபாத், சென்னை, புவனேசுவரம், கான்பூர், லூதியாணா ஆகிய ஐந்து நகரங்களின் தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்கள் சிறப்பு மையங்களாகின்றன.

ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவை இந்த நிறுவனங்களே. திட்டத்தின் உயிர்நாடியும் இங்குதான் உள்ளது. இயந்திரத்தை ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிவிடலாம். ஆசிரியரை அவ்வாறு வாங்க முடியாது.

எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதை விட, மின்சார வாகனத்தின் பேட்டரியைத் தம் கையால் பிரித்துப் பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதே நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.