விரல் நுனியிற் பிறந்த எழுத்து

அன்றாட வாழ்வில் எதிர்ப்படும் இடர்களை நீக்கும் பொறுப்பு வயதிலும் அனுபவத்திலும் மூத்தோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இளையோர் கற்றற்குரியர்; புதியன காண்டற்குரியரல்லர் என்று கருதுவோர் பலர். ஆயின், ஓர் இடரை நாள்தோறும் அனுபவிப்பவனே அதன் இயல்பை நுணுகி அறிவான். அவன் இளைஞனாயினும் அதனை நீக்கும் வழியை அவனே காணுதல் கூடும். இவ்வுண்மைக்குத் தக்க சான்றாய் விளங்குவது, பார்வையற்றோர் இன்று உலகெங்கும் பயிலும் புள்ளியெழுத்தின் வரலாறாகும். அதன் அடிப்படையை வகுத்தபோது லூயி பிறெயிலுக்கு வயது 15.

பிறெயில் 1809ஆம் ஆண்டு தை மாதம் 4ஆந் திகதி, பரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்றே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்குந் தொழிலினர். மூன்று வயதில், தந்தையின் பட்டறையிற் கிடந்த குத்தூசியை எடுத்து விளையாடுகையில் அது கண்ணிற் பாய்ந்தது. புண்ணின் நஞ்சு மற்றைக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. 1819இல், பத்து வயதில், பரிஸிலுள்ள பார்வையற்ற இளைஞர்க்கான அரச கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்கல்லூரியை நிறுவிய வலந்தின் அவுயி என்பார், வழக்கிலுள்ள உரோம எழுத்துக்களையே தடித்த தாளிற் புடைப்பாக அச்சிட்டு, மாணாக்கர் தடவிப் படிக்கச் செய்தார். அருளுள்ளத்தில் எழுந்த அம்முறையில் இரு பெருங் குறைகள் இருந்தன. எழுத்துக்கள் பெரியனவாதலின் நூல்கள் பருத்துக் கனத்தன. ஒவ்வோரெழுத்தின் வளைவையும் விரலாற் பின்தொடர வேண்டியிருந்தமையாற் படிப்பு மிகத் தாமதித்தது. அதனினும் பெரிய குறை, அவ்வெழுத்தை மாணாக்கர் தாமே எழுதவியலாமை. குறிப்பெடுத்தலோ கடிதம் வரைதலோ அவர்க்குக் கைகூடவில்லை. கண்ணுடையார் ஒருவர் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றியதை விரலுக்கும் ஏற்றதென எண்ணியமையே இக்குறைகளின் மூலம் எனலாம்.

1821இல், முன்னர்ப் பீரங்கிப்படையிற் பணியாற்றிய சார்ள் பார்பியே என்பவர் தாம் வகுத்த புள்ளிமுறையை அக்கல்லூரிக்கு அறிமுகஞ் செய்தார். விரல், கோட்டினும் புள்ளியை எளிதில் உணரும் என்பது அம்முறையின் சிறப்பு. ஊசிகொண்டு எழுதவும் அது இடந்தந்தது. எனினும், ஓரொலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டப்பட்டமையால் விரல் நுனி ஒரே தொடுகையில் அதனை அறியவியலவில்லை. மேலும், அது ஒலிகளை மாத்திரமே குறித்தது. சொற்களின் எழுத்துக்கூட்டுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அங்கே இடமில்லை.

இந்நிலையிலேதான் பிறெயிலின் முயற்சி தொடங்கிற்று. பார்பியேயின் முறையிலிருந்த நன்மையைக் கைவிடாது, குறையை மாத்திரம் களைய அவர் முனைந்தார். பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். இரு நிரல்களில் மும்மூன்றாய் அமைந்த ஆறு புள்ளிகளும் விரல் நுனிக்குள் ஒருங்கே அடங்கின. ஒவ்வொரு புள்ளியும் இருத்தல் அல்லது இல்லாதிருத்தல் என்னும் இரு நிலையுடையதாதலின், வெற்றிடம் நீங்கலாக 63 குறிகள் கிடைத்தன. இவற்றை அவர் ஒழுங்கின்றி எழுத்துக்களுக்கு வழங்கவில்லை. முதற் பத்தெழுத்துக்களை மேல் நான்கு புள்ளிகளால் அமைத்தார். அவற்றுடன் இடப்பக்கக் கீழ்ப்புள்ளியைச் சேர்க்க அடுத்த பத்தும், இரு கீழ்ப்புள்ளிகளையும் சேர்க்க எஞ்சியனவும் தோன்றின. பத்தை அறிந்தவன் ஏனையவற்றை எளிதில் அறிவான். 1824அளவில் உருப்பெற்ற இம்முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். 1837இல் அதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்.

தமிழ் நாவினர்க்கும் இவ்வெழுத்து அந்நியமன்று. 1951இல் யுனெஸ்கோவின் சார்பிற் பெய்ரூத்தில் நடைபெற்ற மாநாட்டின் பயனாக, இப்பிராந்திய மொழிகளில் ஒத்த ஒலிக்கு ஒத்த குறி என்னும் நெறி நிலைபெற்றது. அதன்படி அகரத்துக்கு முதற்புள்ளி ஒன்றே குறியாம். ககரத்துக்கு ஒன்றாம் மூன்றாம் புள்ளிகள். மகரத்துக்கு ஒன்று, மூன்று, நான்கு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வேண்டுவதில்லை. மெய்யினை அடுத்து உயிரின் குறி வரும். அச்சில் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன் நிற்க, புள்ளியெழுத்தில் எகரக்குறி ஒலிக்கும் முறைப்படியே பின் நிற்கும்.

இவ்வளவு சிறந்த எழுத்து உடனே ஏற்கப்பட்டதா? இல்லை. அதிபராயிருந்த பிஞ்ஞியே மாணாக்கர் அதனைப் பயில இடமளித்தார். 1840இல் அவர் நீங்க, பின்வந்த டூபோ அதனை விலக்கினார். கண்ணுடையோர் படிக்கவியலாத எழுத்து, பார்வையற்றோரைச் சமுதாயத்தினின்று பிரித்துவிடும் என்பது எதிர்த்தோர் கூறிய நியாயம். ஆயினும் மாணாக்கர் மறைவிற் பயின்றே வந்தனர். 1844இல் கல்லூரியின் புதிய கட்டடத் திறப்புவிழாவில் அதன் ஆற்றல் சபையோர் முன்னிலையிற் காட்டப்பட்டது. தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராய்ப் பணியாற்றிய பிறெயில் 1852இற் காசநோயால், 43ஆவது வயதில், இறந்தார். கல்லூரி அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றது 1854இலே. பதினைந்து வயதிற் கண்டதற்கு முப்பதாண்டு கழித்தே அங்கீகாரம் கிட்டிற்று.

இவ்வரலாறு மாணாக்கர்க்குப் புகட்டும் பாடங்கள் மூன்று. தம்மை வருத்தும் குறையைப் பிறர் நீக்குவர் எனக் காத்திராது, அதன் காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும். பிறர் செய்ததை இகழாது, அதில் உள்ள நன்மையைக் கொண்டு மேற்செல்லல் வேண்டும். கண்டதைப் பயன்படுத்துவோர் கையிற் கொடுத்துச் சோதித்துத் திருத்தல் வேண்டும். வகுப்பறையின் ஒழுங்கீனமாயினும், பாடத்திற் பின்தங்கிய தோழனின் இடர்ப்பாடாயினும், ஊர்க் கிணற்றின் தூய்மையாயினும் இம்முறை பொருந்தும்.

ஆசிரியராகிய நமக்குரிய பாடம் இதனினும் கடுமையானது. பிஞ்ஞியேயும் டூபோவும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தவர்களே. டூபோ தீய நோக்கினர் அல்லர். மாணாக்கர் நலனைத் தாமே நன்கறிவதாக நம்பியவர். அந்நம்பிக்கையே தடையாயிற்று. நம் வகுப்புக்களில் ஒரு மாணாக்கன் தயங்கித் தயங்கிப் புதியதொரு வழியைக் கூறும்போது, அதனை முற்றக் கேட்கும் பொறுமை நம்மிடம் உண்டாதல் வேண்டும். எல்லா மாணாக்கரும் பிறெயில் ஆகார். ஆயின் எவன் ஆவான் என்பதை முன்கூட்டி அறியும் வழி எவர்க்கும் இல்லை.